தண்டவாளத்தில் நகரும் தொலைநோக்கி

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகருக்குத் தென்மேற்கே லார்ட்ஸ் பிரிட்ஜ் என்று ஒரு ரயில் நிலையம் இருந்தது. 1960களின் இறுதியில் அங்கே ரயில் நின்றுபோனது. பக்கத்திலேயே 1957 முதல் இயங்கிவந்த பல்கலைக்கழகத்தின் முல்லார்ட் வானொலி வானியல் ஆய்வகத்துக்கு அது அதிர்ஷ்டம். ஏறக்குறைய நேராக, கிழக்கு மேற்காகக் கிடந்த அந்தப் பாதைதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது.

ரேடியோ அலைகள் ஒளி அலைகளைவிடப் பல்லாயிரம் மடங்கு நீளமானவை. அலை நீண்டால் படம் மங்கும். தெளிவு வேண்டுமென்றால் கிலோமீட்டர் கணக்கில் அகலமான டிஷ் வேண்டும். அதைக் கட்ட முடியாது. ஆய்வகத்தின் வானியலாளர் மார்ட்டின் ரைல் சுற்றுவழி ஒன்றைக் கண்டார். சிறிய டிஷ்களைத் தள்ளித் தள்ளி நிறுத்தி, அவற்றின் சமிக்ஞைகளை இணைப்பது. பூமி சுழலும்போது, விண்மீன் பக்கமிருந்து பார்த்தால் ஒரு டிஷ் மற்றொன்றைச் சுற்றிவரும். ஒருநாள் வேலைக்கு ஒரு வளையம். அடுத்த நாள் டிஷ்ஷைத் தண்டவாளத்தில் நகர்த்தினால் வேறொரு வளையம். இவற்றைக் கூட்டிப் படமாக்குவது கணினியின் பாடு. 1964இல் மூன்று 18 மீட்டர் டிஷ்கள் கொண்ட ஒரு மைல் தொலைநோக்கி இப்படித்தான் இயங்கியது. பழைய ரயில்பாதையில் 1970களில் ஐந்து கிலோமீட்டர் தொலைநோக்கி வந்தது: 13 மீட்டரில் எட்டு டிஷ்கள், நான்கு நிலையானவை, நான்கு நகர்பவை.

ஆனால் ஆய்வகத்தை உலகறியச் செய்தது டிஷ்ஷே இல்லாத ஒரு கருவி. நாலரை ஏக்கரில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மரக்கம்பங்கள், அவற்றின்மேல் 2,048 கம்பி ஆண்டெனாக்கள். ஆய்வு மாணவி ஜோசலின் பெல் அதைக் கட்டும்போது சம்மட்டியும் பிடித்தவர். பிறகு நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 மீட்டர் நீளம் வெளிவந்த வரைபடத்தாளைக் கண்ணாலேயே படித்தார். 1967இல் அதில் கால் அங்குலக் கிறுக்கல் ஒன்று திரும்பத் திரும்பத் தென்பட்டது. தாளை வேகமாக ஓட்டிப் பார்த்தபோது 1.337 வினாடிக்கு ஒரு துடிப்பு, பிசகாமல். வேற்றுலகவாசிகளோ என்று வேடிக்கையாகப் பெயர்கூட இட்டார்கள். சுழலும் நியூட்ரான் விண்மீன் அது, முதல் பல்சார்.

1974 நோபல் பரிசு ரைலுக்கும் பெல்லின் வழிகாட்டி ஆன்டனி ஹியூயிஷுக்கும் போனது. பெல் அதைப் பெரிதுபடுத்தவில்லை. அவரை விட்டுவிட்டதை வானியலாளர் பிரெட் ஹாயில் வெளிப்படையாகக் கண்டித்தார். ஹாயில் பக்கம்தான் நியாயம் என்பேன்.

ஐந்து கிலோமீட்டர் தொலைநோக்கியின் எட்டு டிஷ்களும் அத்தோடு ஓய்வுபெறவில்லை. விண்மீன்திரள் கூட்டங்களில் உள்ள வெப்ப வாயு, பிரபஞ்சத்தின் ஆதிக் கதிர்வீச்சின்மேல் விழச்செய்யும் நிழலைப் பின்னாளில் தேடின. அந்த நிழல் அகலமானது, மிக மங்கலானது. தூரத்தூர நிற்கும் டிஷ்களுக்கு அது அகப்படாது. அதனால் இவ்வளவு காலம் தள்ளி வைத்தவற்றில் சிலவற்றை நெருக்கி வைத்து, 3.7 மீட்டரில் பத்துச் சிறிய டிஷ்களையும் கட்டினார்கள்.