பாலம் எங்கே கட்டணும்?



என் அப்பா லாரி டிரைவர். நாமக்கல்லிலிருந்து நாக்பூர் தாண்டியும் லோடு ஏற்றிப் போவார். "பென்ச் காட்டுல ரோடு தூண் மேல போகுதுடா, கீழே புலி போகுமாம். எந்த இடத்துல கட்டணும்னு எப்படிக் கண்டுபிடிச்சாங்க?" என்று கேட்டார். சிவில் படிக்கும் எனக்கே பதில் தெரியவில்லை!

தேடிப் படித்தேன். தேசிய நெடுஞ்சாலை 44-ல், மகாராஷ்டிரப் பகுதியில் 9 அடிவழிகள். அகலம் 50 மீட்டரிலிருந்து 750 மீட்டர் வரை. 2019-ல் கேமரா வைத்துக் கணக்கெடுத்தார்கள். 18 வகை விலங்குகள் போயிருக்கின்றன. 11 புலிகள் 89 தடவை கடந்திருக்கின்றன.

இதை என் தம்பிக்கும் தெருப் பிள்ளைகளுக்கும் சொல்லித்தர நினைத்தேன். முதலில் படம் வரையச் சொன்னேன். ஆளுக்கொரு பாலம், அதுவும் அவரவர் வீட்டு வாசலில்!

பிறகு எங்கள் ஏரிக்கரை ரோட்டில் அடிபட்டுக் கிடக்கும் தவளை, பாம்பு, கீரியைக் காலையில் எண்ணினோம். வண்டி வருமே என்று நானும் கூடவே போனேன். எந்த மின்கம்பத்தருகே, எத்தனை, என்ன தேதி என்று எழுதி, கிராஃப் தாளில் புள்ளி வைத்தார்கள்.

மாதக் கடைசியில் புள்ளிகள் மதகருகே குவிந்தன. அங்கே மண் அடைத்துப்போன கல்வெர்ட் ஒன்று இருக்கிறது.

"அண்ணே, புதுப் பாலம் எதுக்கு? இதைத் தூர் வாரி, ரெண்டு பக்கமும் சின்னச் சுவர் வச்சா தவளை அதுக்குள்ளதானே போகும்?" என்றான் ஆறாவது படிக்கும் ஒருவன்.

இப்போது அப்பாவுக்குப் பதில் சொல்லிவிட்டேன்: இடத்தை விலங்கு காட்டும், நாம் எண்ணிப் பார்க்கணும்.

நண்பர்களே, நாளை ரோடு போடப்போவது நாம்தான். டேப் பிடிக்கும் முன் எண்ணுவோம்!