மாத்திரையை நிறுத்தலாமா? இரத்த அழுத்தமும் கொரோனாவும்

வங்கிக் கணக்கில் இருப்பு எவ்வளவு என்று கேட்டால் நம்மில் பெரும்பாலோர் ஏறக்குறையச் சரியாகவே சொல்லிவிடுவோம். கடைசியாகப் பார்த்த இரத்த அழுத்தம் எவ்வளவு என்று கேட்டால் தயங்குவோம். வலியோ காய்ச்சலோ தராத குறைபாடு என்பதால் அதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். அந்த மறதி எவ்வளவு ஆபத்தானது என்பதைக் கொரோனாக் காலம் நமக்கு உணர்த்தியது.

2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சீனாவின் வூகான் நகர மருத்துவமனை ஒன்றில் 138 கொரோனா நோயாளிகளைப் பற்றிய ஆய்வறிக்கை வெளியானது. தீவிர சிகிச்சை தேவைப்பட்ட 36 பேரில் 21 பேருக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தது. ஏனைய 102 பேரில் 22 பேருக்கு மட்டுமே அது இருந்தது. தீவிர சிகிச்சை பெற்றவர்கள் வயதிலும் மூத்தவர்கள் என்பதால் முழுப் பழியையும் இரத்த அழுத்தத்தின் மீது சுமத்திவிட முடியாது. எனினும், பல ஆண்டுகள் கட்டுப்பாடின்றி இருக்கும் இரத்த அழுத்தம் இரத்தக் குழாய்களை இறுகச் செய்கிறது. இதயத்தையும் சிறுநீரகத்தையும் நலிவுறச் செய்கிறது. கடும் தொற்று வந்து நுரையீரல் தளரும்போது இதயம் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது. அந்த நெருக்கடியைத் தாங்கும் கையிருப்பு அத்தகைய உடலில் குறைவு.

அதே காலத்தில் மற்றோர் அச்சமும் பரவியது. கொரோனாக் கிருமி நம் உயிரணுக்களின் மேலுள்ள ‘ஏஸ்-2’ என்னும் புரதத்தைப் பற்றிக்கொண்டே உள்ளே நுழைகிறது. எனலாப்ரில், ராமிப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன் போன்ற இரத்த அழுத்த மாத்திரைகள் இந்தப் புரதத்தோடு தொடர்புடைய உடலியக்கத்தின் மீதே செயல்படுகின்றன. ஆகவே, இம்மாத்திரைகள் கிருமிக்குத் துணைபோகுமோ, நிறுத்திவிடுவது நல்லதோ என்ற ஐயம் எழுந்தது.

ஐரோப்பிய இதயவியல் கழகம் 2020 மார்ச் 13 அன்றே, மாத்திரைகளைத் தொடர வேண்டும் என்று அறிவுறுத்தியது. பின்னர் பிரேசில் நாட்டில் இது முறையாகச் சோதிக்கப்பட்டது. இவ்வகை மாத்திரைகளை ஏற்கெனவே உட்கொண்டு வந்து, கொரோனாவால் மருத்துவமனையில் சேர்ந்த 659 பேர் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் 30 நாள்கள் மாத்திரையை நிறுத்தினர், மற்றவர்கள் தொடர்ந்தனர். மருத்துவமனைக்கு வெளியே உயிருடன் கழித்த நாள்களின் எண்ணிக்கையில் இரு பிரிவினரிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 2021 ஜனவரியில் வெளியான இம்முடிவு அந்த அச்சத்தைப் பெரிதும் போக்கியது. நிறுத்தியதால் ஆதாயம் இல்லை. தாமாக நிறுத்தினாலோ இரத்த அழுத்தம் ஏறி, பக்கவாதமும் மாரடைப்பும் வரும் அபாயம் உண்டு. காய்ச்சல், வாந்தி போன்ற வேளைகளில் மாத்திரையின் அளவை மாற்றுவதா என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

கொரோனா குறித்த உலகளாவிய அவசர நிலை 2023 மே 5 அன்று முடிவுக்கு வந்தது. ஆயினும் கிருமி நம்மிடையே இருக்கிறது; இரத்த அழுத்தமும் இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் 24 விழுக்காட்டினருக்கும் பெண்களில் 21 விழுக்காட்டினருக்கும் இரத்த அழுத்தம் உயர்ந்திருந்தது அல்லது அதற்காக மருந்து உட்கொண்டு வந்தனர். தொற்று வந்தபின் அழுத்தத்தைச் சீராக்க நேரம் போதாது. நலமாக இருக்கும் நாள்களிலேயே அதைச் செய்துகொள்ள வேண்டும்.

அதற்குச் சில எளிய வழிகள் உள்ளன. அழுத்தம் பார்ப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்தே காபி, தேநீர், புகையிலை வேண்டாம். ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்து, முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, கையை இதய மட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஓரிரு நிமிட இடைவெளியில் இருமுறை பார்த்துக் குறித்துக்கொள்வது நல்லது. வெவ்வேறு நாள்களில் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் மருத்துவரை அணுக வேண்டும். உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்கட்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றில் உள்ள உப்பும் இக்கணக்கில் சேரும். மாத்திரை தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே அடுத்த மாதத்துக்கு வாங்கி வைத்துக்கொள்வோம்.

மருத்துவக் காப்பீட்டு விண்ணப்பத்தில் இரத்த அழுத்தம் இருப்பதை மறைக்க வேண்டாம் என்பதையும் வாடிக்கையாளர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறோம். மறைத்த விவரம் பின்னர் தெரியவந்தால், தேவைப்படும் நேரத்தில் இழப்பீடு மறுக்கப்படலாம்.

ஆண்டுதோறும் நவம்பரில் ஓய்வூதியர்கள் வாழ்நாள் சான்றிதழ் அளிக்கிறார்கள். அதே வாரத்தில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்த அழுத்தத்தையும் பார்த்து, அந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம். வீட்டிலுள்ள இளையவர்களும் உடன் சென்று தங்கள் அளவை அறிந்து வரலாம்.