மோதும் கோலிகளின் நினைவு

சென்ற வாரம் போல்ட்ஸ்மனோடு நிறுத்தியிருந்தோம். கோடானுகோடி மூலக்கூறுகளின் ஓட்டத்தைக் கூட்டிப் பார்த்தால் வெப்பமும் அழுத்தமும் கிடைத்துவிடும் என்று காட்டியவர் அவர். வாயுவுக்கு அந்தக் கணக்கு அழகாக வந்தது. திரவத்துக்கு வரவில்லை. திரவத்தில் மூலக்கூறுகள் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கின்றன. ஒன்று அசைந்தால் சுற்றியிருக்கும் அத்தனையும் நகர்ந்தாக வேண்டும். காகிதத்தில் தீராத அந்தச் சிக்கலைக் கணினியிடம் கொண்டுபோனவர்களில் முன்னோடி பெர்னி ஆல்டர்.

1925இல் ஜெர்மனியின் டூயிஸ்பர்க்கில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். நாஜிகள் தலையெடுத்ததும் குடும்பம் சுவிட்சர்லாந்துக்கும் பிறகு அமெரிக்காவுக்கும் குடிபெயர்ந்தது. கால்டெக்கில் ஜான் கிர்க்வுட்டிடம் ஆய்வு மாணவர்; அதன்பின் வாழ்நாளின் பெரும்பகுதி கலிஃபோர்னியாவின் லிவர்மோர் ஆய்வகத்தில். அணு ஆயுதம் வடிவமைக்கும் இடம் அது. அந்தக் காலத்தின் மிக வேகமான கணினிகள் அங்கே வந்து சேர்ந்தது அதனால்தான்.

ஆல்டரும் டாம் வெயின்ரைட்டும் எடுத்துக்கொண்ட மாதிரி மிக எளியது. மூலக்கூறுகளைக் கெட்டியான கோலிகளாக வைத்துக்கொண்டார்கள். அவற்றுக்குள் ஈர்ப்பே கிடையாது. தொட்டால் தெறிக்கும், அவ்வளவுதான். இரண்டு மோதல்களுக்கு நடுவே ஒவ்வொன்றும் நேர்கோட்டில் போகும். எனவே அடுத்து எந்த இரண்டு எப்போது மோதும் என்று கணக்கிட்டு, காலத்தை அந்தக் கணத்துக்கு நகர்த்தினால் போதும். பிறகு அடுத்த மோதல், அதற்கடுத்தது. பெட்டியின் ஒரு பக்கம் வெளியேறும் கோலி எதிர்ப்பக்கம் உள்ளே வரும். மூலக்கூறு இயக்கவியல் என்று இன்று புரத ஆய்வு வரை பரவியிருக்கும் முறை இங்கேதான் பிறந்தது.

ஈர்ப்பே இல்லாத கோலிகள் உறைந்து படிகமாகுமா? 1957இல் நியூ ஜெர்சியின் ஸ்டீவன்ஸ் கல்வி நிலையத்தில் கூடிய அறிஞர்களிடம் இயற்பியலாளர் ஜார்ஜ் உலன்பெக் இந்தக் கேள்வியை வாக்குக்கே விட்டார். பாதிக்குப் பாதி பிரிந்தது. அதே ஆண்டு வெளியான ஆல்டர், வெயின்ரைட் கட்டுரை, ஆகும் என்றது. லாஸ் அலமோஸில் வுட், ஜேக்கப்சன் இருவரும் வேறொரு முறையில் செய்த கணக்கும் அதையே சொன்னது. நெருக்கம் ஒரு அளவைத் தாண்டினால், ஒழுங்காக அடுக்கி நிற்கும்போதுதான் ஒவ்வொரு கோலிக்கும் அசைய அதிக இடம் கிடைக்கிறது. அதாவது, ஒழுங்கின்மையின் அளவு என்று சொல்லப்படும் என்ட்ரோபியே படிகத்தைக் கட்டுகிறது. இதை ஏற்கப் பலருக்கு மனம் வரவில்லை.

புகழ் அந்தக் கண்டுபிடிப்புக்குத்தான் அதிகம். எனக்கோ 1970இல் வந்ததுதான் பெரிதாகத் தெரிகிறது. ஒரு மூலக்கூறு தன் தொடக்க வேகத்தை எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கும்? சில மோதல்களில் அடியோடு மறந்துவிடும் என்றது பழைய கோட்பாடு. கணினியோ வேறு பதில் தந்தது: நினைவு மிக மெதுவாக, காலத்தின் ஒன்றரை அடுக்குக்குத் தலைகீழ் விகிதத்தில் தேய்கிறது. பிழை என்று தள்ளிவிடாமல் ஆல்டரும் வெயின்ரைட்டும் காரணத்தைத் தேடினார்கள். ஓடும் கோலி முன்னால் இருப்பவற்றைத் தள்ளுகிறது. அவை பக்கவாட்டில் சுழன்று பின்னால் வந்து அதே கோலியை மீண்டும் உந்துகின்றன. மூலக்கூறு அளவிலேயே ஒரு நீர்ச்சுழி! நியூட்டனின் மோதல் விதிகளை மட்டும் கொடுத்த பெட்டிக்குள், பாய்மங்களின் ஓட்ட விதி தானாகவே முளைத்திருந்தது. சமதளத்தில் ஓடும் வட்டத் தட்டுகளுக்கு, மெதுவாகத் தேயும் இந்த நினைவின் வால் இன்னும் நீளம். வழக்கமான பரவல் எண்ணுக்கே அங்கே பொருளில்லாமல் போகிறது. கோட்பாட்டாளர்கள் விளக்கம் எழுத ஓடிவந்தது இதற்குப் பிறகுதான்.

இந்தக் கணக்குகளுக்கு நிரல் எழுதியவர் மேரி ஆன் மேன்சிக். கட்டுரைகளின் நன்றியுரையில் இடம்பெற்ற அவர் பெயர், ஆசிரியர் வரிசைக்குள் வந்திருக்க வேண்டும் என்பேன்.

புள்ளியியல் இயக்கவியலின் உயரிய விருதான போல்ட்ஸ்மன் பதக்கம் 2001இல் ஆல்டருக்கு வழங்கப்பட்டது. 2020 செப்டம்பரில் தமது 94ஆம் வயதில் காலமானார்.

கோலிகளை விட்டுவிட்டு, ஒன்றையொன்று ஈர்க்கும் நிஜ ஆர்கான் அணுக்கள் 864ஐக் கணினியில் ஓடவிட்டவர் ஹைதராபாத்தில் பிறந்த அனீசுர் ரஹ்மான். அவரை அடுத்த வாரம் சந்திப்போம்.