உலர் மலர்களைப் பாதுகாக்கும் முறைகள்

செடியிலிருந்து பறித்த மலர் ஓரிரு நாளில் வாடிவிடும். பக்குவமாக உலர்த்திய மலரோ ஓராண்டுக்கும் மேலாக அழகு குன்றாமல் இருக்கும். தூத்துக்குடியிலிருந்து உலர் மலர்களும் காய்களும் வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகின்றன. வாடாமல்லி, கோழிக்கொண்டை, தாமரைக்காய் ஆகியவற்றை உலர்த்திப் பூங்கொத்துகளாகக் கட்டி விற்பது மகளிருக்கு ஏற்ற துணைத் தொழில். ஆனால், உலர்த்துவதில் காட்டும் அக்கறையைப் பலரும் அதன் பிறகு காட்டுவதில்லை. இதனால் ஒரே மழைக்காலத்தில் பூசணமும் வண்டும் பல மாத உழைப்பைப் பாழாக்கிவிடும்.

ஈரத்தைத் தடுத்தல்

உலர்ந்த மலர் காற்றிலுள்ள ஈரத்தை மீண்டும் உறிஞ்சும் தன்மை உடையது. வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை இதழ்கள் துவண்டு பூசணம் படரும். விற்பனைக்கு உள்ள மலர்களை இக்காலத்தில் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வைக்க வேண்டும். நீல நிற ஜெல், ஈரம் ஏறியதும் இளஞ்சிவப்பாக மாறும். சூடாக்கினால் மீண்டும் நீலமாகும். இதில் கோபால்ட் உப்பு கலந்துள்ளதால் சமையல் பாத்திரத்தில் சூடாக்கக் கூடாது. குழந்தைகளுக்கு எட்டாமலும் வைக்க வேண்டும்.

வீட்டில் வைத்துள்ள பூங்கொத்தில் நேர் வெயில் பட்டால் நிறம் வெளுக்கும். எளிதில் தீப்பற்றும் என்பதால் விளக்கு, ஊதுவத்தி அருகிலும் வைக்கலாகாது.

தூசு அகற்றல்

பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை ஓவியம் தீட்டும் மென்மையான தூரிகையால், இதழின் அடியிலிருந்து நுனி நோக்கித் தூசு தட்ட வேண்டும். கோழிக்கொண்டையின் மடிப்புகளில் தங்கிய தூசியை, முடி உலர்த்தும் கருவியின் சூடில்லாத காற்றை ஓரடி தள்ளிப் பிடித்து மெதுவாகச் செலுத்தி அகற்றலாம். மலர்களைத் தண்ணீரில் கழுவக் கூடாது. தாமரைக்காய் போன்ற கெட்டியான பொருட்களை மட்டும் நன்கு பிழிந்த ஈரத்துணியால் துடைத்து, உடனே நிழலில் உலர்த்தலாம்.

வண்டுத் தாக்குதல்

பூங்கொத்தின் கீழே பழுப்பு நிறத் தூளும், மலர்களில் குண்டூசித் துளைகளும் தென்பட்டால் அது சிகரெட் வண்டின் வேலையாக இருக்கலாம். இவ்வண்டு 2 முதல் 3 மில்லிமீட்டர் நீளமும் செம்பழுப்பு நிறமும் கொண்டது. இதன் புழுக்களே உள்ளே இருந்து தின்று சேதம் விளைவிக்கின்றன. புகையிலை, மஞ்சள், மிளகாய் வற்றல் ஆகியவற்றையும் இது தாக்கும். ஆகவே, அவை உள்ள அறையில் உலர் மலர்களைச் சேமிக்கக் கூடாது.

தாக்குதல் தொடக்க நிலையில் இருந்தால், மலர்களைப் பாலிதீன் பையில் இறுகக் கட்டி, மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் குளிர் உள்ள உறைபெட்டியில் ஒரு வாரம் வைத்தால் வண்டும் புழுவும் மடியும். வெளியே எடுத்தபின் ஒரு நாள் கழித்தே பையைப் பிரிக்க வேண்டும். உடனே பிரித்தால் மலர்மீது நீர் கோத்துக்கொள்ளும். மிகவும் அரிக்கப்பட்ட மலர்களை எரித்துவிட வேண்டும்.

மழை தொடங்குமுன் செப்டம்பரிலேயே இருப்பு முழுவதையும் சோதித்துக்கொள்வது நல்லது. பூங்கொத்து வாங்குவோரிடமும் இம்முறைகளை எடுத்துச் சொல்லி விற்கலாம். மலர் கெடாமல் இருந்தால்தான் அவர்கள் மறுபடியும் வாங்க வருவார்கள்.