சக்கரத்தை மாற்றுவானேன்? குண்டை மாற்றினால் போதும்!

வாளையாறு தாண்டினால் பாஷை மாறும்; சைக்கிள் மாறாது. கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கம் பால் கேன் கட்டிக்கொண்டு போகிறவரும் சரி, கஞ்சிக்கோடு ஆலைக்கு ஷிப்டுக்குப் போகிறவரும் சரி, அப்பா வைத்துவிட்டுப் போன ராலேயையோ ஹெர்குலிஸையோ மிதிப்பதை இன்றும் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காணலாம். 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் தயாரித்த வண்டிகள் சில. அதற்கு முன்பே இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தவை சில. பிரேமுக்கு ஒன்றும் ஆகவில்லை. நோவு எல்லாம் சக்கரத்தின் நடுவில்தான்.

முதலில் 'கறகற' என்று சத்தம் கேட்கும். பிறகு சக்கரம் பக்கவாட்டில் ஆடும். கடைக்குக் கொண்டுபோனால், "பழைய சாமான் எங்கே கிடைக்கும்? சக்கரத்தையே மாற்றிவிடுங்கள், இப்போது எல்லாம் சீல் பேரிங்" என்று பதில் வருகிறது. 40 போக்ஸ் கம்பி கோத்த பின் சக்கரம், நல்ல ஹப்போடு, பழைய இரும்புக்குப் போய்விடுகிறது. மாதச் சம்பளக்காரருக்கும் தினக்கூலிக்காரருக்கும் இது தேவையில்லாத செலவு.

பழைய ஹப்பைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே பெரிய சூட்சுமம் ஏதும் இல்லை. இரு முனையிலும் கிண்ணம் போன்ற கப். அச்சில் திருகி ஏறும் கோன். இரண்டுக்கும் நடுவே கிரீஸில் புதைந்த உருக்குக் குண்டுகள். இதைத்தான் கடைகளில் பால்ரஸ் என்கிறார்கள். முன் சக்கரத்தில் பக்கத்துக்கு 10 வீதம் 3/16 அங்குலக் குண்டு. பின் சக்கரத்தில் பக்கத்துக்கு 9 வீதம் கால் அங்குலக் குண்டு. ஆக மொத்தம் 38 குண்டுகள் ஆளையும் மூட்டையையும் சுமக்கின்றன. 1869-இல் பாரீஸிலிருந்து ரூவானுக்கு நடந்த பந்தயத்தில் ஜேம்ஸ் மூர் வென்றதும் குண்டு வைத்த சக்கரத்தில்தான்.

முதலில் தேய்வது கோன். காரணம் எளிது. கப் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுகிறது; பாரம் அதன் மேல் சுற்றிலும் பரவிவிடும். கோன் அச்சோடு அசையாமல் நிற்கிறது; அதன் அடிப்பக்கம் மட்டுமே பாரத்தை வாங்கி வாங்கிக் குழி விழுகிறது. ஆகவே கோன் போன பிறகும் கப் பெரும்பாலும் பிழைத்திருக்கும். கப் நன்றாக இருக்கும்போது ஹப்பைத் தூக்கி எறிய என்ன அவசியம்?

பிரித்ததும் எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துவிட்டு, விரல் நகத்தால் கப்பின் உட்புறத்தைத் தடவிப் பார்க்கவேண்டும். நகம் தட்டாமல் வழுக்கினால் கப் நலம். தட்டினால் எதிர்ப்பக்கத்திலிருந்து உளி வைத்துச் சுற்றிலும் சிறிது சிறிதாகத் தட்டிக் கழற்றலாம். புதுக் கப்பைச் சுத்தியலால் அடித்து ஏற்றக்கூடாது. மரத்துண்டு வைத்து வைஸில் அழுத்தவேண்டும். குண்டுகளில் ஒன்று போயிருந்தாலும் அத்தனையையும் மாற்றுவதே முறை. புதுக் குண்டு பழையதைவிட ஒரு மயிரிழை பெரிதாக இருந்தால் பாரம் முழுவதும் அதன் தலையில்தான் விழும். கால் அங்குலம் என்பது 6.35 மில்லிமீட்டர், 6 மில்லிமீட்டர் குண்டைக் கொடுத்து, "எல்லாம் ஒன்றுதான்" என்பாரும் உண்டு. நம்பவேண்டாம்.

கோன் வாங்கும்போது மரையையும் கவனிக்கவேண்டும். இங்கிலாந்து மாதிரிப் பின் அச்சு 3/8 அங்குலம், அங்குலத்துக்கு 26 மரை. புது 10 மில்லிமீட்டர் கோன் அதில் ஏறுவது போலத் தோன்றும். உண்மையில் தொளதொளவென்று நின்று, சில நாளில் மரையைத் தின்றுவிடும்.

சரி, பழைய ஹப்பில் காட்ரிஜ் பேரிங் போட்டால் என்ன? இந்த ஆசை பலருக்கு வருகிறது. 6000 எண் பேரிங்கின் துளை 10 மில்லிமீட்டர்; 6001-க்கு 12. பழைய அச்சோ ஒன்பதரை. அச்சையும் மாற்றி, ஹப்பையும் லேத்தில் கடைந்தாலொழியப் பொருந்தாது. கடையக் கடைய ஹப்பின் சுவர் மெலியும். கோனை அரைத் திருகு முடுக்கித் தேய்மானத்தைச் சரிக்கட்டும் வசதியும் போய்விடும்; காட்ரிஜ் தேய்ந்தால் முழுதாகக் கழற்றி எறியவேண்டியதுதான். புது வண்டிக்கு அது நல்ல பொருளே. அதை ஏற்றும்போது வெளி வளையத்தில் மட்டும் அழுத்தவேண்டும். உள் வளையத்தில் அடித்தால் புதுப் பேரிங் அன்றைக்கே பாழ்.

பாலக்காட்டுக் கணவாயில் ஜூன் மாதம் மழை பிடித்தால் ஹப்புக்குள் நீர் இறங்கி, கிரீஸைக் கழுவிக்கொண்டு போய்விடும். கோடையில் கிழக்குக் காற்று புழுதியை ஊட்டும். ஆகவே மழைக்காலம் முடிந்ததும் ஓர் ஓவராயில் அவசியம். இடுக்கிப் பக்கம் கதை வேறு. குமுளி, வண்டிப்பெரியாறு, மறையூர் வட்டாரத்தில் ஏற்றத்தில் தள்ளிக்கொண்டு போய், இறக்கத்தில் ஏறி உட்காருகிறார்கள். சக்கரம் ஆடினால் ரிம் பிரேக் கட்டைக்கு நேராக நிற்காது. கம்பி பிரேக் ஈர ரிம்மில் ஏற்கெனவே பாதிதான் பிடிக்கும். ஆடுகிற சக்கரத்தோடு மலைச்சரிவில் இறங்குவது உயிரோடு விளையாடுவதாகும்.

வேலை சரியாக நடந்ததா என்று கடையிலேயே பார்த்துவிடலாம். சக்கரத்தைத் தரையில் படாமல் தூக்கி, டியூபின் வால்வு பக்கவாட்டில் இருக்கும்படி விட்டால், வால்வின் கனமே அதைக் கீழே கொண்டுவரவேண்டும். வராவிட்டால் கோன் இறுக்கம். வந்தும் ரிம் கையில் ஆடினால் கோன் தளர்ச்சி. நட்டை முடுக்கும்போது கோன் நகர்ந்துவிடும் என்பதால், முடுக்கியபின் மறுபடி ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

உள்ளூர்க் கடையில் கப்பும் கோனும் இல்லையென்றால், கோவைக்கோ மதுரைக்கோ போகும்போது பழையதைக் காகிதத்தில் சுற்றிக் கையோடு எடுத்துப்போவது நல்லது. பேரைச் சொல்லி வாங்கினால் தவறும். பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்கினால் தவறாது.