வீடு புதுப்பிக்கும்போது குடியிருப்போர் உரிமை

கண்டி மாநகர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில் உள்ளது. இங்கு முன்னோர் கட்டிய வீடுகளின் ஓட்டுக் கூரையும், உயர்ந்த சுவர்களும், அகன்ற விறாந்தையும் வெம்மையைத் தாமே தணித்தன. பின்னர் எழுந்த தகரக் கூரை வீடுகளோ நண்பகலில் அனலை உள்ளே இறக்குகின்றன. மின்விசிறி ஓயாது சுழல வேண்டியதாகிறது. 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் மின்கட்டணம் உயர்ந்தது. அதன்பின், கூரைக்கு வெப்பத்தடுப்பு இடவும், சூரிய மின்தகடு பொருத்தவும் வீட்டுச் சொந்தக்காரர் எண்ணுவது இயல்பே; வரவேற்கத் தக்கதுமாகும்.

ஆயின், அவ்வீட்டில் வாடகைக்கு இருப்போரின் நிலை யாது? தூசியையும் இரைச்சலையும் தாங்குபவர் அவர். மின் இணைப்புச் சொந்தக்காரர் பெயரில் இருப்பின், சூரிய ஒளியால் வரும் கொடுப்பனவு அவருக்கே சேரும். வேலை முடிந்ததும் வாடகை உயரலாம். "சில மாதம் வேறிடம் பாருங்கள்" என்ற சொல் நிரந்தர வெளியேற்றமாகவும் முடியலாம். பேராதனையில் அறை எடுத்துப் பயிலும் மாணவருக்கும், கட்டுக்கலையில் குடியிருக்கும் குடும்பத்துக்கும் இக்கேள்வி பொதுவானதே.

நம் நாட்டில் வாடகை உறவுக்கு அடிப்படையாய் விளங்குவது உரோம-டச்சுச் சட்டம். குடியிருப்பவர் வீட்டை இடையூறின்றி அனுபவிக்கச் செய்வது சொந்தக்காரரின் கடமை என்கிறது அது. அவசியமான திருத்த வேலைகளுக்குக் குடியிருப்பவர் இடம் தரவேண்டும். எனினும் வீட்டின் பெரும்பகுதியைப் பயன்படுத்த இயலாது போயின், அக்காலத்துக்கு வாடகைக் குறைப்புக் கோரும் உரிமை அவருக்குண்டு. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் மேலும் பாதுகாப்பு அளித்தது. ஆனால் 1980, 2002ஆம் ஆண்டுகளின் திருத்தங்கள் அதன் எல்லையைச் சுருக்கின. ஆகவே, தம் வீடும் அதனுள் அடங்கும் என்று எண்ணி வாளாவிருத்தல் ஆகாது.

மற்றொன்றையும் நாம் மறத்தலாகாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்படல் வேண்டும். ஈராண்டு ஒப்பந்தமென வெறுங்காகிதத்தில் ஒப்பமிட்டவர், உண்மையில் மாதவாடகைக் குடியாகவே கருதப்படக்கூடும்.

நம்மவர் பலர் வாழும் ஜெர்மனியில் இவ்விடயம் சட்டத்திலேயே வரையறுக்கப்பட்டுள்ளது. ஆற்றல் சேமிக்கும் வேலையைச் சொந்தக்காரர் மூன்று மாதங்களுக்கு முன்னரே எழுத்தில் அறிவித்தல் வேண்டும். செலவிலிருந்து பழுதுபார்த்தலுக்குரிய பங்கைக் கழித்து, எஞ்சியதில் ஆண்டுக்கு 8 சதவீதம் வரையே வாடகையில் பொதுவாகச் சேர்க்கலாம். 2018 முடியும்வரை இது 11 சதவீதமாயிருந்தது. ஒரு வீட்டுக்குரிய செலவு 10,000 யூரோ எனின், ஆண்டுக்கு 800 யூரோ. மாதத்துக்கு ஏறத்தாழ 67 யூரோ. ஆறாண்டுகளில் சதுர மீற்றருக்கு 3 யூரோவுக்கு மேல் ஏற்றுவதற்கும் தடையுண்டு. எனினும் சொந்தக்காரர் பக்கமும் புறக்கணிக்கப்படவில்லை: இத்தகைய வேலையின் முதல் மூன்று மாதங்களுக்கு, அதன் இடையூற்றைக் காட்டி வாடகையைக் குறைக்க இயலாது.

இதிலிருந்து நாம் கொள்ளத்தக்க பாடம் ஒன்றுண்டு: ஒழுகும் கூரையை அடைப்பது பழுதுபார்த்தல், அதன்மேல் மின்தகடு பொருத்துவது மேம்பாடு. இரண்டையும் ஒரே கணக்கில் எழுதி வாடகையை உயர்த்துவது முறையன்று.

ஆதலால், வேலை தொடங்குமுன்னரே இருவரும் அமர்ந்து பேசி, வேலை எத்தனை நாள் நடைபெறும், அந்நாட்களில் வாடகை எவ்வளவு, முடிந்தபின் வாடகை எவ்வளவு, மிச்சமாகும் மின்கட்டணம் யாருக்கு, வெளியேற நேரின் திரும்பிவரும் நாள் எது என்பவற்றை எழுதிக்கொள்வது நலம். நெடுங்காலக் குடியிருப்பாயின் நொத்தாரிசை நாடுவதே அறிவுடைமை. அதற்காகும் சிறு செலவு, நடு ஆண்டில் பிள்ளைகளின் பாடசாலையை மாற்றி அலையும் பெருந்துன்பத்தைத் தவிர்க்கும்.