ரூ.2 ஆயிரத்திலும் 'லைவ்' காட்டலாம். லட்ச ரூபாய் கொட்டியும் கோட்டை விடலாம்!

ரிச்சி தெருவில் எதை வாங்குவது? எதை விடுவது?

சென்னை:

தாலி கட்ட அரை நிமிடம் போதும். அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் தூக்கத்தை விட்டு செல்போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். "கெட்டிமேளம்... கெட்டிமேளம்" என்று குரல் கேட்கிறது. அவ்வளவுதான். படம் அப்படியே நின்று போனது! சக்கரம் சுற்றுகிறது. மறுபடி படம் வந்தபோது அட்சதை எல்லாம் தரையில் கிடக்கிறது.

'லைவ்' எடுக்கப் போகிறவர்கள் எல்லோரும் பயப்படுவது இந்த ஒரு காட்சிக்குத்தான். 'ரீடேக்' கிடையாது. இன்னொரு முறை தாலி கட்டச் சொல்ல முடியுமா?

2020-ம் ஆண்டு கொரோனா ஊரடங்கில் கல்யாணத்துக்கு 50 பேருக்கு மேல் கூடக்கூடாது என்று கட்டுப்பாடு வந்தது. அப்போது பிடித்தது இந்த 'லைவ்' பழக்கம். கட்டுப்பாடு போயும் பழக்கம் போகவில்லை. கல்யாணம், காதுகுத்து, கும்பாபிஷேகம், டியூஷன், புடவை வியாபாரம் என்று எல்லாம் செல்போனில் நேரடியாகத் தெரிகிறது. சுப்ரீம் கோர்ட்டே 2022-ம் ஆண்டு செப்டம்பர் 27-ந் தேதி முதல் அரசியல் சாசன பெஞ்சின் விசாரணையை நேரலையில் காட்டத் தொடங்கிவிட்டது.

இதனால் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு, நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு பகுதிகளில் இந்தச் சாமான்களுக்கும் கிராக்கி. வருகிறவர்களில் பலரும் கேட்கும் முதல் கேள்வி, "நல்ல கேமராவா ஒண்ணு காட்டுங்க" என்பதுதான்.

அங்கேதான் பணம் கரைய ஆரம்பிக்கிறது.

முதலில் காது, பிறகு கண்

படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள். சத்தம் கரகரத்தால் ஒரு நிமிடம்கூட இருக்க மாட்டார்கள். ஆகவே வாங்கும் வரிசை இதுதான்: முதலில் மைக். அடுத்தது இண்டர்நெட். மூன்றாவது கரண்ட். கேமராவுக்கு நாலாவது இடம்தான்!

பார்க்கிறவர்களில் பெரும்பாலோர் உள்ளங்கை அளவு திரையில்தான் பார்க்கிறார்கள். அதற்கு '720' தரம் தாராளம். '4கே' கேமராவுக்குப் பணத்தைக் கொட்டுவது, குடிசைக்குத் தேக்குக் கதவு போடுகிற கதைதான்.

ரூ.2 ஆயிரம் இருந்தால்

கையில் உள்ள செல்போனே கேமரா. ரூ.500 முதல் ரூ.1,000-க்குள் ஒரு ஸ்டாண்டு. ரூ.1,000-க்குள் சட்டையில் மாட்டும் ஒயர் மைக். வேலை முடிந்தது.

மைக் வாங்கும்போது அதன் முனையைப் பாருங்கள். மூன்று கறுப்பு வளையம் உள்ளது செல்போனுக்கு. இரண்டு வளையம் உள்ளது கேமராவுக்கு. மாற்றி வாங்கினால் சத்தம் வராது. இப்போது பல போன்களில் அந்த உருண்டைத் துளையே கிடையாது. அதற்கு 'டைப் சி' மைக் கேட்க வேண்டும்.

போனைப் படுக்கை வசமாக வைத்து, பின்பக்கக் கேமராவில் எடுக்க வேண்டும். வெயிலில் வைத்தால் போன் சூடேறிப் படுத்துவிடும். ரப்பர் உறையைக் கழற்றிவிடுவது நல்லது.

முக்கியமான ஆபத்து, போன் கால்! முகூர்த்த நேரத்தில் "மண்டபத்துக்கு வழி எது?" என்று யாராவது போன் செய்தால் ஒளிபரப்பு தடைப்படும். மண்டபத்தில் வைஃபை இருந்தால் போனை 'ஏரோப்ளேன்' நிலையில் போட்டு, வைஃபையை மட்டும் திறந்துகொள்ளலாம். இல்லாவிட்டால் யாருக்கும் நம்பர் தெரியாத தனி சிம் போடுவதுதான் வழி.

இன்னொரு விஷயம். யூடியூபில் புதிதாக 'லைவ்' வசதி கேட்டால் அனுமதி வர 24 மணி நேரம் வரை ஆகலாம். செல்போனிலிருந்து நேராகக் காட்ட, சேனலுக்குக் குறைந்தது 50 சந்தாதாரர் வேண்டும். 16 வயதுக்குக் குறைந்தவர்கள் தனியாக 'லைவ்' விட முடியாது என்று 2025-ம் ஆண்டு ஜூலையில் விதி வந்துவிட்டது. விடியற்காலை 4 மணிக்கு எழுந்து சேனல் தொடங்கினால் 6 மணி முகூர்த்தத்துக்கு ஒன்றும் நடக்காது. ஒரு வாரம் முன்பே தயார் செய்து, ஒத்திகை பார்த்துவிட வேண்டும்.

ரூ.10 ஆயிரம் இருந்தால்

இது டியூஷன் வாத்தியாருக்கும், கடையில் உட்கார்ந்தபடி புடவை காட்டி விற்பவருக்கும் ஏற்றது. வீட்டில் லேப்டாப் இருக்க வேண்டும்.

'1080' தர வெப்கேமரா ஒன்று, யு.எஸ்.பி. மைக் ஒன்று, விளக்கு ஒன்று. இவ்வளவுதான் தேவை. படத்தையும் சத்தத்தையும் சேர்த்து அனுப்பும் 'ஓ.பி.எஸ். ஸ்டூடியோ' என்ற சாப்ட்வேர் முழுக்க இலவசம். இதைக் காசுக்கு விற்க வருகிறவரைக் கண்டால் நடையைக் கட்டுங்கள்.

புடவைக் கடைக்காரர்கள் கேமராவைவிட விளக்குக்குப் பணம் போட வேண்டும். மட்டமான எல்.இ.டி. வெளிச்சத்தில் அரக்குச் சிவப்பு காவியாகத் தெரியும். "காட்டினது ஒண்ணு, அனுப்பினது ஒண்ணு" என்று புடவை திரும்பி வரும். நஷ்டம் கடைக்காரருக்கு.

ரூ.50 ஆயிரம் இருந்தால்

இங்கிருந்துதான் தொழில். ஏற்கெனவே கேமரா வைத்திருக்கும் போட்டோ ஸ்டூடியோக்காரர்கள் இந்த வகை.

கேமராவில் இருந்து வரும் படத்தை லேப்டாப்புக்குள் ஏற்ற 'கேப்ச்சர் கார்டு' என்ற சின்ன டப்பா வேண்டும். இதில்தான் தில்லுமுல்லு அதிகம். சில நூறு ரூபாய் டப்பாவின் மேல் கொட்டை எழுத்தில் '4கே' என்று அச்சடித்திருக்கும். உள்ளே போவது '4கே'. வெளியே வருவது '1080' தான்! பெட்டியில் பொடி எழுத்தில் உள்ள 'அவுட்புட்' என்ற வரியைப் படிக்க வேண்டும். வீட்டுக் காரியத்துக்கு இதுவே போதும். ஆனால் மூன்று மணி நேரம் ஓட வேண்டிய கூலி வேலைக்கு, பில்லும் வாரண்டியும் உள்ள நல்ல கம்பெனி சரக்குதான் தேவை.

பழைய கேமரா வாங்குகிறவர்களும் உஷாராக இருக்க வேண்டும். சில கேமராக்களில் பேட்டரி அளவு, பச்சைக் கட்டம் எல்லாம் படத்தோடு சேர்ந்து வெளியே வரும். மணப்பெண் நெற்றியில் பேட்டரி படம் தெரிந்தால் எப்படி இருக்கும்? சில பழைய கேமராக்கள் அரை மணி நேரத்தில் தானாக அணைந்துவிடும். ஆகவே லேப்டாப்பையும் ஒயரையும் கையோடு கொண்டுபோய், கடையிலேயே ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்த பிறகே பணத்தை எடுக்க வேண்டும். அதற்குச் சம்மதிக்காத கடையில் வாங்க வேண்டாம்.

சத்தத்துக்கு மைக் செட்காரரைச் சிநேகம் பிடித்துக்கொள்ளுங்கள். அவருடைய மிக்சரில் இருந்து ஒரு ஒயர் இழுத்தால் மந்திரமும் நாயனமும் தெளிவாக வரும். ஆனால் மிக்சரில் இருந்து வருவது பலமான சிக்னல். கேமராவின் மைக் துளையில் அப்படியே சொருகினால் காது கிழியும். அளவைக் குறைக்கும் ஒயரோ, சின்ன டப்பாவோ நடுவில் வேண்டும். முதல் நாள் மாலை வரவேற்பிலேயே சோதித்துப் பார்ப்பது உத்தமம்.

லட்சத்துக்கு மேல்

இரண்டு மூன்று கேமரா வைத்து மாற்றி மாற்றிக் காட்ட 'ஸ்விட்சர்' வேண்டும். முன்பெல்லாம் டி.வி. நிலையங்களுக்கு மட்டும் கட்டுப்படியான சாமான் இது. 2019-ம் ஆண்டு பிளாக்மேஜிக் கம்பெனி நான்கு கேமரா மாட்டும் 'ஏடெம் மினி'யை 295 டாலருக்கு இறக்கியது. அதற்குப் பிறகு இந்தப் பெட்டி கல்யாண மண்டபம் வரை வந்துவிட்டது.

பெட்டி வாங்கினவர்கள் ஒயரில் கோட்டை விடுகிறார்கள். சாதாரண எச்.டி.எம்.ஐ. ஒயர் பத்துப் பதினைந்து மீட்டரைத் தாண்டினால் படம் விட்டுவிட்டு வரும். மேடையில் இருந்து மண்டபக் கடைசி வரை இழுக்க வேண்டுமானால் எஸ்.டி.ஐ. ஒயரும் அதற்கான மாற்றுப் பெட்டியும் தேவை. இந்தச் செலவையும் முதலிலேயே கணக்கில் சேர்க்க வேண்டும்.

வாங்கித்தான் ஆக வேண்டுமா? வடபழனி, சாலிகிராமம் பகுதிகளில் கேமராவும் சாமான்களும் நாள் வாடகைக்குக் கிடைக்கின்றன. மாதம் இரண்டு வேலை வருகிறவருக்கு வாடகையே லாபம்.

ஆடியில் கல்யாணம் கிடையாது. மார்கழியில் கிடையாது. ஆனால் மாதத் தவணைக்கு ஆடியும் தெரியாது, மார்கழியும் தெரியாது! பெண்டாட்டி நகையை அடகு வைத்துக் கேமரா வாங்குகிற இளைஞர்கள், காலண்டரை எடுத்து முகூர்த்த நாட்களை ஒரு தடவை எண்ணிப் பார்ப்பது நல்லது.

நடுவில் தீர்ந்துபோகும் டேட்டா

இனி எல்லா பட்ஜெட்டுக்கும் பொதுவான விஷயம்.

"எங்க மண்டபத்துல 100 எம்.பி. ஸ்பீடு சார்" என்பார் மானேஜர். அது கீழே இறங்கும் வேகமாக இருக்கும். 'லைவ்' விட வேண்டியது மேலே ஏறும் வேகம். அதைத் தனியாக அளந்து பார்க்க வேண்டும். அனுப்பும் அளவைப் போல இரண்டு மடங்கு வேகம் இருந்தால் நிம்மதி. அதையும் காலி மண்டபத்தில் அளந்து பிரயோஜனம் இல்லை. ஆயிரம் பேர் ஆயிரம் போனோடு வந்து உட்கார்ந்தால் சிக்னல் கட்டை நாலு இருந்தும் வேகம் இருக்காது.

நொடிக்கு 4 மெகாபிட் வீதம் அனுப்பினால் ஒரு மணி நேரத்தில் சுமார் 1.8 ஜி.பி. காலி. தினம் 1.5 ஜி.பி. ரீசார்ஜ் போட்டவருக்கு 50 நிமிடத்தில் சங்கு ஊதிவிடும்!

ஆகவே இரண்டு வெவ்வேறு கம்பெனி சிம் கைவசம் இருக்க வேண்டும். ஒன்று படுத்தால் மற்றொன்று. ரூ.2 ஆயிரத்துக்குள் கிடைக்கும் குட்டி யு.பி.எஸ். ஒன்றை வைஃபை பெட்டிக்கு மாட்டிவிட்டால், கரண்ட் போய் ஜெனரேட்டர் போடும் வரை இண்டர்நெட் அறுந்துபோகாது.

சினிமாப் பாட்டு ஆபத்து

மண்டபத்தில் சினிமாப் பாட்டு ரிக்கார்டு போட்டால், பாட்டுக்கு உரிமை உள்ள கம்பெனியின் பாட்டு என்று யூடியூப் இயந்திரம் கண்டுபிடித்துவிடும். ஒளிபரப்பு நடுவிலேயே நின்று போகலாம். தாலி கட்டும் நேரத்தில் நேரடி நாதஸ்வரம் மட்டும் போதும் என்று மைக் செட்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது புத்திசாலித்தனம்.

திருடனுக்கும் தெரியும்!

'லைவ்' லிங்க்கை ஊருக்கே திறந்து விடாதீர்கள். "வீட்டில் யாரும் இல்லை, எல்லோரும் நகையோடு மண்டபத்தில் இருக்கிறோம்" என்று தண்டோரா போடுவதற்குச் சமம் அது. லிங்க் உள்ளவர் மட்டும் பார்க்கும்படி 'அன்லிஸ்டட்' என்று வைத்துக்கொண்டு, சொந்த பந்தங்களுக்கு மட்டும் அனுப்பினால் போதும்.

இதைவிடப் பெரிய மோசடி இன்னொன்று உண்டு. கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் 'ஏ.பி.கே.' பைல் அனுப்பி, தொட்டவுடன் போனுக்குள் புகுந்து பேங்க் பணத்தைச் சுருட்டும் கும்பல் பற்றி 2024-ம் ஆண்டிலேயே போலீசார் எச்சரித்திருக்கிறார்கள். 'லைவ்' பார்க்க எந்த ஆப்பும் புதிதாக இறக்கத் தேவையில்லை. இறக்கச் சொன்னால் அது கல்யாணம் அல்ல, கன்னக்கோல்! பணம் போனால் உடனே 1930 என்ற நம்பருக்குப் போன் செய்ய வேண்டும்.

பில் எங்கே?

"பில் இல்லாம வாங்குனா ஜி.எஸ்.டி. மிச்சம் சார்" என்று ஆசை காட்டுகிற கடையில் வாங்காதீர்கள். எலெக்ட்ரானிக் சாமானுக்கு 18 சதவீதம் வரி என்பது உண்மைதான். ஆனால் பில் இல்லாவிட்டால் வாரண்டி கிடையாது. நாளைக்குச் சாமான் படுத்தால் "நான் விற்கவே இல்லை" என்று கையை விரித்துவிடுவார்கள்.

பில் கையில் இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி நம்பருக்குப் புகார் சொல்லலாம். அதிலும் நியாயம் கிடைக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் கமிஷன் இருக்கிறது. ரூ.5 லட்சம் வரையிலான சாமானுக்கு அங்கே கட்டணமே கிடையாது.

ரூ.800 மைக்காக இருந்தாலும் சரி, கடையை விட்டு இறங்கும் முன் பில்லைக் கேட்டு வாங்கிப் பையில் வையுங்கள்.